தீவுக்குப் போன மேக்கப் வேன்

கல்யாணமாகி ஆறு மாதமாகியும், சீதாவும் ஜவஹரும் மனம்விட்டு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் பஸ் பிடித்து எலியட்ஸ் பீச்சுக்குத்தான் போக வேண்டியிருந்தது. தியாகராய நகரில் அவர்கள் வீடு ஒன்றும் சின்ன வீடில்லை. ஆனால் உஸ்மான் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர் வீடு என்றால், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிற அத்தனை பேருக்கும் அதுதான் சத்திரம். கல்யாணத்துக்குச் சீர் எடுக்க வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், வேலைக்கு மனுப் போட வருகிறவர்கள் என்று கூடத்தில் எப்போதும் யாராவது படுத்திருப்பார்கள். மாடியறைக் கதவைச் சாத்தினால் போதும், "சீதா, இந்தப் பெரிய சட்டி எங்க இருக்கு?" என்று கீழேயிருந்து குரல் வந்துவிடும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எழுபதாம் வருஷம், பொங்கல் வியாபாரம் ஓய்ந்து கடை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயம். அலை வந்து காலை நனைக்கிற தூரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊட்டிக்குப் போவோமா?" என்று கேட்டான் ஜவஹர். "எல்லாரும் அங்கதான போறாங்க."

"அதனாலதான் வேண்டாங்கறேன். உங்க கூட்டாளிங்க எல்லார் வீட்டு ஆல்பத்திலயும் அதே பூச்செடி. அதே மாதிரி கன்னத்துல கை."

"பின்ன எங்க?"

சீதா சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குக் கிண்டியில் தொழிற்சாலை வேலை. கல்யாணம், காதுகுத்து என்று கூட்டத்தோடு ரயிலில் போனதுதான் அவள் செய்த பயணமெல்லாம். ஜன்னலில் ஒரு குளம் தெரியும், அதில் ஒரு படித்துறை தெரியும், இறங்கிப் பார்க்கலாமே என்று தோன்றுவதற்குள் ரயில் அதைக் கடந்து போயிருக்கும்.

"ஒரு தீவுக்கு," என்றாள். "கார்ல. எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நிக்கணும்."

"சிலோனா? பாஸ்போர்ட் வாங்கறதுக்குள்ள நமக்குப் பேரன் பொறந்துருவான்."

"ராமேஸ்வரமும் தீவுதான?"

"அது கோயில், சீதா."

"கோயிலுக்கு வெளியில தீவு இருக்கும்ல?"

ஜவஹர் சிரித்தான். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. பாண்டிபஜார் டாக்சி ஸ்டாண்டில் ஒரு அம்பாசிடர் பேசிக்கொண்டு, மெதுவாகப் போய், மெதுவாக வரலாம் என்று முடிவானது. மாசி மாதம் போகலாம். வெயிலும் ஏறியிருக்காது.

தப்பு எங்கே இருந்தது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

ஊட்டி என்று சொல்லியிருந்தால் வீட்டில் யாரும் தலையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜவஹர் "ராமேஸ்வரம்" என்று வாயெடுத்ததுமே, கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவன் அம்மா தங்கபுஷ்பம் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"ராமேஸ்வரமா!"

அந்தக் குரலைக் கேட்டதும் சீதாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எனக்குக் கல்யாணமான புதுசுல உங்கப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாவ," என்றாள் தங்கபுஷ்பம். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "நாடாக்கமார் கடையத் திறந்தா திறந்ததுதான், எங்கிட்டுப் போக? இன்னைக்கு எம் மருமக கூட்டிட்டுப் போறா. நல்லா இருப்பே பிள்ளே."

கன்னத்தைத் தடவிக் கொடுத்த கையில் கத்தரிக்காய் வாசனை அடித்தது. அதற்கு மேல் சீதா என்ன சொல்வாள்? "ஆமா அத்தை," என்றாள். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜவஹரை ஒரு பார்வை பார்த்தாள். "நான் என்ன செய்ய? நீதான தீவுன்னு சொன்னே," என்றான் அவன், திருதிருவென்று விழித்தபடி.

சாயங்காலம் பக்கத்து வீட்டு பங்கஜம் மாமி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். மாமிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. மாமா காலமாகி வெகுநாளாகிறது.

"தங்கபுஷ்பம், ராமேஸ்வரம் போறேளாமே? காசிக்குப் போனப்போ கொண்டுண்டு வந்த கங்கைச் சொம்பு எங்காத்துல பூஜை அலமாரியிலே உக்காண்டிருக்கு. அதை ராமநாதருக்கு அபிஷேகம் பண்ணினாத்தான் யாத்திரை பூர்த்தி. தனியா எப்படிப் போறதுன்னு நானும் தள்ளிப் போட்டுண்டே வரேன். ஒரு ஓரமா உக்காண்டு வரேனே?"

ஹனிமூனுக்கு மாமியாரும் மாமியும். சீதாவுக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் கங்கைச் சொம்பை இரண்டு கையாலும் ஏந்தி அந்தம்மாள் நிற்பதைப் பார்த்ததும், எங்கிருந்து வந்ததோ, சிரிப்பு வந்துவிட்டது. சரி, இனி இதை அழுதுகொண்டே செய்வதா, சிரித்துக்கொண்டே செய்வதா என்று யோசித்தாள். எப்படியும் தீவு தீவுதானே.

இத்தனை பேருக்கும் சாமானுக்கும் அம்பாசிடர் போதாது. கடைக்கு வரும் ஒரு வாடிக்கைக்காரர் மந்தைவெளியில் கலீமுல்லா என்பவரிடம் வாடகை வேன் இருப்பதாகச் சொன்னார். ஜவஹரும் சீதாவும் போனார்கள். பார்த்தே தீருவேன் என்று தங்கபுஷ்பமும், நாமும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று மாமியும் கூடவே வந்தார்கள்.

கலீமுல்லாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். கொட்டகைக் கதவைத் திறந்து, உள்ளே நின்ற வேனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"பாருங்கோ. வண்டி சோக்கா கீதா இல்லியா? சினிமா கம்பெனிக்கு மேக்கப் வேனா ஓடிக்கினு இருந்திச்சு. அவுட்டோர் ஷூட்டிங்னா இதுதான். கம்பெனி படுத்துக்கிச்சு, வண்டி நம்மாண்ட வந்துடுச்சு."

உள்ளே ஏறிய சீதா அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னல்களுக்கு ரோஜா நிறத் திரை. ஒரு பக்கம் படுக்கிற மாதிரி நீளப் பலகை, அதில் மெத்தை. இன்னொரு பக்கம் ஆளுயரக் கண்ணாடி, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன பல்புகள். பின்னால் ஸ்டவ் வைக்க ஒரு மாடம்கூட இருந்தது. இது வண்டியில்லை, சக்கரம் வைத்த வீடு.

தங்கபுஷ்பம் கண்ணாடி முன்னால் போய் நின்று குங்குமத்தைச் சரி செய்தாள். கலீமுல்லா எதையோ தட்டினார். பல்புகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எரிந்தன.

"ஐயோ!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள் அவள். பிறகு மெல்ல விரல்களை விலக்கிப் பார்த்தாள்.

"சினிமாக்காரா உக்காந்த வண்டியாச்சே," என்று முகத்தைச் சுளித்தாள் பங்கஜம் மாமி. மெத்தையை உதறி நுனியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "யார் யார் உக்காந்திருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

கலீமுல்லா வாய்விட்டுச் சிரித்தார். "அல்லாருந்தான் குந்திக்கீறாங்கோ மாமி. நீங்க குந்தினு கீற எடம் கதாநாயகி எடம்."

மாமி நுனியை விட்டுவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சீதா பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு ரோடு மேப் வாங்கி வந்தாள். கூடத்தில் விரித்து, நாலு மூலைக்கும் எவர்சில்வர் டம்ளர் வைத்து, மூன்று பெண்களும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஊரிலிருந்து வந்து படுத்திருப்பவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் படுக்க வேண்டியதாயிற்று. செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை என்று சீதாவின் விரல் இறங்கும். திருச்சியில் மலைக்கோட்டை என்பாள் மாமி. காரைக்குடியில் தெரிந்தவர் வீடு இருக்கிறது, ராத்திரிச் சாப்பாடு அங்கே என்பாள் தங்கபுஷ்பம். புளியோதரை எத்தனை நாள் தாங்கும், மாமிக்குத் தனியாகச் சமைக்க ஸ்டவ் ஒன்றா இரண்டா என்று வாதம் நடக்கும். மாமியாரோடு தோளுரசி உட்கார்ந்து இப்படிப் பேசுவோம் என்று சீதா கனவிலும் நினைத்ததில்லை. இத்தனை நாளும் அவர்களுக்குள் பேச்சு என்றால் அது சட்டி, பானையைப் பற்றித்தான்.

ஒருநாள் மத்தியானம் ஜவஹரோடு மாமனார் அய்யாதுரை சாப்பிட வந்தார். கடையைத் தவிர உலகத்தில் வேறு எதற்கும் நேரமில்லாத மனிதர். மேப்பைத் தாண்டப் போனவர் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் சரி. ரோடு மண்டபத்தோட முடிஞ்சுபோச்சே. அங்கிட்டு கடல்லா கிடக்கு? ரயிலு பாலத்துல போவும். உங்க வேன் எதுல போவும், நீச்சலடிச்சா?"

மூன்று பேரும் மேப்பைப் பார்த்தார்கள். கறுப்புக் கோடு ஒன்று கடலுக்குக் குறுக்கே போனது. சிவப்புக் கோடு கரையிலேயே நின்றுவிட்டது. இத்தனை நாளும் அதே இடத்தில்தான் இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

அய்யாதுரை திருப்தியாகக் கை கழுவப் போனார்.

"அதுக்கென்ன, வேன மண்டபத்துல விட்டுட்டு ரயில்ல போயிருவோம்," என்றாள் தங்கபுஷ்பம். "சாமி கும்பிடத்தான போறோம்."

"இல்ல அத்தை, வேனும் வரணும்."

சீதா நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்து அவள் சொன்ன முதல் 'இல்லை' அது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு. ஆனாலும் நிறுத்தவில்லை.

"அங்க பாம்பன்லேருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ரோடு இருக்கு அத்தை. இறங்கி, கால நனைச்சு, மறுபடி ஏறி, தீவு முழுக்கப் பாக்கணும். ரயில்ல போனா ரயில் நிக்கிற எடந்தான் நம்ம எடம். அதுக்கு நான் இங்கேயே இருந்துருவேன்."

தங்கபுஷ்பம் மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏலே ஜவஹர், அவ சொல்லுதால்லா? போய் விசாரி. ஸ்டேஷன்ல கேட்டா சொல்ல மாட்டானா?"

சீதாவும் கூடப் போனாள். எழும்பூர் ஸ்டேஷனில் மூன்று ஜன்னல் மாறி அவர்கள் கேட்டபோது, நாலாவது ஜன்னலில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "சர்க்கஸ் யானையவே வேகன்ல ஏத்தியிருக்கோம். உங்க வேனுக்கு என்னம்மா? மண்டபத்துக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டுடுங்க. திறந்த வேகன்ல ஏத்தி, கயிறு போட்டுக் கட்டி, அக்கரையில இறக்கி விட்டுடுவாங்க."

சீதா வீட்டுக்கு ஓடியே வந்தாள் என்று சொல்ல வேண்டும். வாசலிலிருந்தே "அத்தை, யானையே போயிருக்காம்!" என்று கத்தினாள். என்ன யானை, எங்கே போயிற்று என்று தெரியாமலே தங்கபுஷ்பம் கைதட்டிச் சிரித்தாள்.

புறப்படுகிற அன்று விடியற்காலையில் வேன் வாசலில் வந்து நின்றது. சாமானெல்லாம் ஏறிவிட்டது. சொம்பை மடியில் வைத்துக்கொண்டு மாமி கதாநாயகி இடத்தைப் பிடித்துவிட்டாள். கலீமுல்லா கதவைச் சாத்தப் போகும்போது, சலவை வேட்டியும் கையில் ஒரு பையுமாக அய்யாதுரை வந்து நின்றார்.

"கடை?" என்றாள் தங்கபுஷ்பம்.

"தம்பி வெள்ளைத்துரை பாத்துக்கிடுவான். பொம்பளைகள மட்டும் அம்புட்டு தூரம் எப்படி அனுப்ப?"

"நான் இருக்கேன்ல அப்பா?" என்றான் ஜவஹர்.

"நீயும் இரி," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார் அவர்.

தாம்பரம் தாண்டியதும் சீதா முதல்முறையாக, "இங்க நிறுத்துங்க!" என்றாள். ஏரி ஒன்று வெயில் பட்டுப் பளபளத்தது, அவ்வளவுதான். எல்லாரும் இறங்கினார்கள். ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். ஏறினார்கள். அந்த ருசி ஒரு தடவை கண்டுவிட்டால் போதாதா? பிறகு மாமி கோபுரம் தெரிந்த இடத்திலெல்லாம் நிறுத்தச் சொன்னாள். தங்கபுஷ்பம் வெள்ளரிப்பிஞ்சுக்கு நிறுத்தினாள். அய்யாதுரையோ ஊருக்கு ஊர் பாத்திரக்கடையைக் கண்டால் நிறுத்தி, உள்ளே போய்க் குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கனமே இல்ல," என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

"இப்புடி நின்னு நின்னு போனா தீவே நம்மளப் பாக்கக் கெளம்பி வந்துடும் நைனா," என்றார் கலீமுல்லா. ஆனால் டீக்கடை கண்ட இடத்திலெல்லாம் அவரும் நிறுத்தத்தான் செய்தார்.

மண்டபத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தது நல்ல வெயில் நேரத்தில். காற்றில் உப்பு வாசனை. சாய்வு மேடை வழியாக வேனை வேகனில் ஏற்றுவதற்குள் கலீமுல்லாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. போர்ட்டர்கள் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, வடக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். முன்னால் இரண்டு பயணிகள் பெட்டி, பின்னால் இந்த வேகன்.

ஸ்டேஷன்காரர் வந்தார். "வண்டியில ரெண்டு பேர் இருக்கலாம். ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கணும். மத்தவங்க பெட்டியில ஏறிடுங்க."

உடனே பேச்சு ஆரம்பித்தது. டிரைவர் இருக்க வேண்டும், அது சரி, இன்னொருவர் யார்? மூத்தவன் நான்தான் என்றார் அய்யாதுரை. சொம்பு குலுங்காமல் இருக்க வேண்டுமே என்றாள் மாமி. சீதாவோ வேனில் ஏறி அமர்ந்து கடலைத் தாண்டுவது எப்படி இருக்கும் என்று எழும்பூர் ஜன்னலிலிருந்து வந்த நாள் முதல் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் இத்தனை பெரியவர்கள் இருக்கும்போது எப்படிக் கேட்பது?

"எல்லாரும் சும்மா இருங்க," என்றாள் தங்கபுஷ்பம். "இது அதுக ரெண்டும் போறதுக்குன்னு கெளம்பின பயணம். நாமதான் ஒவ்வொருத்தரா ஏறிக்கிட்டோம். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே பிள்ளே? தெரிஞ்சுதான் ஏறினேன். எனக்கும் ஆசையா இருந்துச்சு." மகனைப் பார்த்தாள். "நீ பிரேக்க மிதிப்பேல்லா?"

"சார் மிதிப்பாரு," என்றார் கலீமுல்லா அவசரமாக. "நம்மளுக்கு தண்ணியப் பாத்தா தல சுத்தும். பொட்டியில கண்ண மூடிக்கினு குந்திப்பேன்."

நிஜமாகவே தலை சுற்றுமோ என்னவோ, அவர் ஜவஹரைப் பார்த்துக் கண்ணடித்தது சீதா கண்ணில் பட்டது.

அவள் குனிந்து மாமியார் காலைத் தொடப் போனாள். "ரயிலு கெளம்பிரப் போவுது, ஏறு ஏறு," என்று விரட்டினாள் தங்கபுஷ்பம்.

ரயில் மெல்ல நகர்ந்தது. கொஞ்ச தூரம் மணலும் பனையும் கூட வந்தன. அப்புறம் தரை நின்றுபோனது. வேனின் ஜன்னலுக்குக் கீழே தண்டவாள ஓரம், அதற்கும் கீழே கடல். கைப்பிடிச் சுவரென்று எதுவுமில்லை. ஜவஹர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை விரல் வெளுக்கப் பிடித்திருந்தான்.

"பயமா?" என்றாள் சீதா.

"உனக்கு?"

"ரொம்ப," என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். காற்று உள்ளே பாய்ந்து ரோஜாத் திரைகளைப் படபடவென்று அடித்தது. புளியோதரை கட்டிய இலையெல்லாம் பறந்தது. ஒரு பக்கம் கடல் குளத்தைப் போல அசையாமல் பச்சையாகக் கிடந்தது. மறுபக்கம் நீலமாகப் புரண்டு புரண்டு வந்து பாலத்தின் காலில் மோதித் தெறித்தது. அமைதியாக இருப்பது பெண்கடல், ஆர்ப்பாட்டம் செய்வது ஆண்கடல் என்று போர்ட்டர் ஒருவர் சொல்லியிருந்தார்.

"நம்ம வீட்டுல தலைகீழ்," என்றான் ஜவஹர்.

அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்கும் கை தளர்ந்தது. ஒரு கையை எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சக்கரங்களின் தடதடப்பில் ஒன்றும் காதில் விழாது, யாரும் கூப்பிட மாட்டார்கள், எந்தச் சட்டியும் காணாமல் போகாது. சீதா தலையை வெளியே நீட்டி, தன் பெயரையும் அவன் பெயரையும் கடலைப் பார்த்துக் கத்தினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. உப்புக் காற்று வாயெல்லாம் நிறைந்தது.

தீவில் மூன்று நாள் இருந்தார்கள். மாமி கங்கை நீரை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டுப் பிராகாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு பசிக்கிறது என்றாள். தங்கச்சிமடத்தில் வேனை நிறுத்திவிட்டுக் கடலில் இறங்கினார்கள். அய்யாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிப்பி பொறுக்கினார். கந்தமாதன மலை மேலே ஏறி நின்று பார்த்தபோது எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். சீதா திரும்பித் திரும்பிப் பார்த்ததில் அவளுக்கே தலை சுற்றியது.

புறப்படும் நாளில் பாம்பன் ஸ்டேஷனில் வேனை மறுபடி வேகனில் ஏற்றிக் கட்டினார்கள். "ரெண்டு பேர்," என்று ஸ்டேஷன்காரர் சொல்லி முடிப்பதற்குள் தங்கபுஷ்பம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தத் தடவ நானும் அவுகளும்."

"என்னது!" என்றார் அய்யாதுரை. "இந்த வயசுல இது என்ன கூத்து? பிள்ளையள் பாத்தா சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வந்து பிரேக்க மிதிங்க."

பெட்டியின் ஜன்னல் வழியே சீதா எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாலத்தின் நடுவில் வரும்போது, பின்னால் வேகனில் அத்தையின் கை ஒன்று வேன் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. உள்ளங்கையை விரித்துக் காற்றைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். முந்தானை கொடி மாதிரிப் பறந்தது.

மண்டபத்தில் இறங்கியதும் பங்கஜம் மாமிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் என்ன பேசிண்டு வந்தேள்?"

"பேசவா?" என்றாள் தங்கபுஷ்பம். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. அதை முடியக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "அவுக ஏறினதும் மூடின கண்ண இன்னும் முழுசாத் திறக்கல. அவுகளுக்கும் சேத்து நானே பாத்துட்டேன்."

"வெயில் கண்ணுல அடிச்சுது," என்று முணுமுணுத்தபடி அய்யாதுரை கயிறு அவிழ்ப்பவர்களுக்கு யோசனை சொல்லப் போய்விட்டார்.

வேன் தரையில் இறங்கியதும் தங்கபுஷ்பம் யாரையும் கேட்காமல் கலீமுல்லாவுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறினாள். மேப்பை வாங்கி மடியில் விரித்துக்கொண்டு, சீதாவையும் அருகில் இழுத்து உட்கார வைத்தாள்.

"பாய், வந்த வழி வேண்டாம்," என்றாள். "கடலை ஒட்டியே ஒரு ரோடு போவுது பாரும். சுத்துனாலும் பரவாயில்ல, அதுல விடும்."